ஒன்பதாம் அத்தியாயம்: மாப்பிள்ளை வாட்ச்சும் 'ஃபர்ஸ்ட் காப்பி'யும்

தை பிறந்து கரிசல் காட்டில் மிளகாய்ப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டால் விளாத்திகுளம் வட்டாரத்தில் காசு புழங்கும். மிளகாய், மல்லி, பாசி, உளுந்து என்று மானாவாரியாக விதைத்ததெல்லாம் பங்குனிக்குள் வீடு வந்து சேரும். களத்தில் காய்ந்த வத்தல் மூட்டை கமிஷன் கடைக்குப் போகும். கல்யாணம், காதுகுத்து, புதுமனை எல்லாம் அந்தக் காசை நம்பித்தான் நாள் குறிக்கப்படுகின்றன. மாப்பிள்ளைக்குச் செயின், மோதிரம், வாட்ச் என்று சொல்லும் மூன்றில் முதல் இரண்டுக்கும் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ நாலு பேராகப் போய், எடை பார்த்து, ஹால்மார்க் பார்த்து, பில் வாங்கித்தான் திரும்புகிறோம். மூன்றாவதை மட்டும் இப்போது போனிலேயே வாங்கிவிடுகிறோம். இந்த அத்தியாயம் அந்த மூன்றாவதைப் பற்றியது.

சில வருடங்களுக்கு முன் என் அக்கா மகன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரில் வைக்க ஒரு வாட்ச் வாங்க வேண்டியிருந்தது. மருமகன் போனில் ஒரு படம் அனுப்பினான். "மாமா, இதே மாதிரி வாங்கித் தாங்க, போதும்" என்றான். பச்சை டயல், எஃகுச் செயின், டயலின் உச்சியில் கிரீடம். கீழே, 'ரோலெக்ஸ் ஃபர்ஸ்ட் காப்பி, 7ஏ குவாலிட்டி, 3,499 ரூபாய்' என்று எழுதியிருந்தது. முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பினால் 300 ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் பார்சல் வந்தது. மணவறையில் எல்லாரும் அவன் கையைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் அவன் மணிக்கட்டில் பச்சையாகக் கறை பிடித்தது, அரிப்பும் வந்தது. தேதி 17-லேயே நின்றுவிட்டது. விற்றவரின் எண் அணைந்திருந்தது. கோவில்பட்டியில் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்து, ஒன்றும் பேசாமல் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அத்தனை பெரிய எஃகுக் கூட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் வளையம். அதன் நடுவே விரல் நக அளவில் ஒரு செல் மெஷின். "இதுக்கு ஸ்பேர் கிடைக்காதுண்ணே. மெஷினையே மாத்தணும்னா மாத்தலாம், ஆனா மறுபடியும் இப்படித்தான் நிக்கும்" என்றார். அந்தக் கடையில் கற்றுக்கொண்டதும், பணத்தைத் திரும்பப் பெற அலைந்தபோது தெரிந்துகொண்டதும்தான் இனி வருவது.

எதை விற்கிறார்கள்

ஃபர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி, ஏ.ஏ.ஏ., 7ஏ, சூப்பர் குளோன் ஆகிய பெயர்களில் எதுவும் தரச்சான்று அல்ல. எந்த அரசு அலுவலகமும் எந்த ஆய்வுக்கூடமும் இப்படிப் பெயர் கொடுப்பதில்லை. விற்பவர் தம் சரக்குக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் இது. பருத்தி விதையோ உளுந்து விதையோ வாங்கும்போது நம் ஊர்க்காரர் பையில் நீல நிறச் சான்றட்டை தைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சான்றட்டை இல்லாத பையைக் காட்டி, 'இது ஃபர்ஸ்ட் காப்பி விதை, ஒரிஜினல் போலவே முளைக்கும்' என்று சொன்னால் காட்டில் கால் வைக்கவே விடமாட்டார். அதே கண்ணோடு வாட்ச்சையும் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

'கஸ்டம்ஸில் பிடிபட்ட சரக்கு', 'கம்பெனி சர்பிளஸ்', 'துபாய் ஷோரூம் ஸ்டாக்' என்ற கதைகளையும் நம்ப வேண்டாம். வெளிநாட்டுச் சாமான் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் இந்தக் கதைகளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி ஏற்பட்ட பர்மா பஜாரில் போய் வாட்ச் வாங்கி வந்தவர்கள் நம் ஊரிலும் உண்டு. அங்கேயும் போலி இருந்தது. ஆனால் கையில் எடுத்துப் பார்க்கலாம், பேரம் பேசலாம், மறுமாதம் போனாலும் அதே இடத்தில் கடை இருக்கும். இன்று நாம் வாங்குவது ஒரு படத்தைப் பார்த்து. அந்தப் படமும் பெரும்பாலும் அசல் வாட்ச்சின் படம்.

ரோலெக்ஸ் என்பது ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1905-ல் லண்டனில் தொடங்கிய வியாபாரத்திலிருந்து வளர்ந்த நிறுவனம்; 1908-ல் அந்தப் பெயரைப் பதிவு செய்தார்கள்; பின்னர் ஜெனீவாவுக்கு மாறியது. புது வாட்ச்சை அந்த நிறுவனம் இணையத்தில் தானே யாருக்கும் விற்பதில்லை. அங்கீகாரம் பெற்ற கடைகளில் மட்டும்தான் கிடைக்கும். விலை பல லட்சம். ஆகவே இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ 'புத்தம் புது ரோலெக்ஸ்' என்று ஒன்று வந்தால் அதை ஆராய வேண்டிய தேவையே இல்லை.

இருந்தாலும், அசல் எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இப்போது விற்கும் ரோலெக்ஸ் எதிலும் செல் கிடையாது. விநாடி முள் பெரும்பாலான மாடல்களில் ஒரு விநாடிக்கு எட்டு அடியாக நகர்வதால், வழுக்கிச் செல்வது போலத் தெரியும். விநாடிக்கு ஒரு முறை 'டக்' என்று துள்ளினால் உள்ளே செல் மெஷின். தேதிக்கு மேல் ஒட்டியிருக்கும் சிறு லென்ஸ் அசலில் தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மலிவுப் போலியில் எழுத்து பெரிதாகவே ஆகாது. டயலுக்குள் மூன்று குட்டி டயல் இருந்து, பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் அவற்றின் முள் அசையவே இல்லை என்றால் அது வெறும் படம். இந்தச் சோதனைகளில் மாட்டிக்கொள்பவை மலிவுச் சரக்குகள். விலை கூடிய போலிகளில் ஆட்டோமேட்டிக் மெஷினே வைக்கிறார்கள். முள்ளும் வழுக்கித்தான் போகும். கண்ணால் பார்த்துத் தரம் பிரித்துவிடலாம் என்ற தைரியம் வேண்டாம். யார் விற்கிறார், எந்த முகவரியில் இருந்து விற்கிறார், பில் தருகிறாரா என்பதுதான் கடைசியில் நிற்கும் சோதனை. என் விஷயத்தில் மூன்றும் இல்லை.

நம் ஊர் வெயிலும் புழுதியும் போலிக்கு எதிரி. மலிவு உலோகத்தில் முலாம் பூசிய செயின் வியர்வை பட்டால் உரியும். அடியில் நிக்கல் இருந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அரிப்பும் தடிப்பும் வரும். மூடி சரியாகப் பொருந்தாத வாட்ச்சில் கரிசல் புழுதி உள்ளே போய்விடும். தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். பின்மூடியில் '30 மீட்டர்' என்று போட்டிருந்தால், முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதுதான் பொருள், அதுவும் அசல் வாட்ச்சில். போலியில் அந்த எழுத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. கிணற்றில் குதிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

வர்த்தகச் சின்னங்கள் சட்டம், 1999. அதன் 103-ஆம் பிரிவு பொய்யாகச் சின்னம் இடுபவரையும், 104-ஆம் பிரிவு அப்படிப்பட்ட சரக்கை விற்பவரையும், விற்பனைக்காக வைத்திருப்பவரையும் தண்டிக்கிறது. குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரி, பதிவாளரின் கருத்தைக் கேட்டுக்கொண்டு, வாரன்ட் இல்லாமலே சோதனையிட்டுப் பறிமுதல் செய்யலாம் என்கிறது 115-ஆம் பிரிவு.

தன் கையில் கட்டிக்கொள்ள ஒன்று வாங்கியவரை இந்தப் பிரிவுகள் தேடி வருவதில்லை. இதைச் சொல்லிவிட்டு அடுத்ததை அழுத்திச் சொல்கிறேன். படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் பலர் 'ரீசெல்லர் குரூப்' என்ற வாட்ஸ்அப் குழுக்களில் சேர்கிறார்கள். பத்து வாட்ச் எடுத்தால் ஒன்றுக்கு நானூறு ரூபாய் மிஞ்சும் என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். அந்தப் பத்து வாட்ச் வீட்டுப் பரணில் இருக்கும்போதே அவன் 104-ஆம் பிரிவுக்குள் வந்துவிடுகிறான். வேலைக்காகப் போலீஸ் சான்று கேட்டு விண்ணப்பிக்கும் வயதில் அவன் பேரில் ஒரு வழக்கு வந்து நிற்பது நாலு ஆயிரம் லாபத்துக்கு ஈடாகாது. வீட்டில் அப்படி ஒரு பை இருந்தால், பெற்றவர்கள் இன்றே அவனை உட்கார வைத்துப் பேச வேண்டும்.

நீதிமன்றங்கள் இதைச் சின்ன விஷயமாகப் பார்ப்பதில்லை. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம், டிகாஸ் என்ற இணையக் கடை கார்ட்டியே, பனராய் முதலான பெயர்களில் போலிச் சரக்கு விற்றதற்காக ஒரு கோடி ரூபாய் தண்டனை இழப்பீடு விதித்தது. அதற்கு முன் 2009-ல், கவரிங் நகைக்கு ரோலெக்ஸ் பெயரை வைத்த வழக்கில், வாட்ச்சே அல்லாத பொருளில்கூட அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று அதே நீதிமன்றம் தடுத்தது.

இதையெல்லாம் பணக்கார நிறுவனங்களின் கவலை என்று நினைப்பவர்கள் கோவில்பட்டி கடலை மிட்டாயை நினைத்துப் பார்க்கட்டும். கரிசல் மண் கடலையும் வெல்லப் பாகும் சேர்ந்த அந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கேட்டு 2014-ல் விண்ணப்பித்து, 2020-ல்தான் பெற்றார்கள். ஆறு வருடம் காத்திருந்ததன் காரணம் ஒன்றுதான்: வேறெங்கோ செய்த மிட்டாயில் 'கோவில்பட்டி' என்று அச்சடித்து விற்பதைத் தடுக்க வேண்டும். தீப்பெட்டித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு லேபிள் சந்தையில் ஓடத் தொடங்கினால், அதே நிறத்தில், அதே கட்டத்தில், ஒரு எழுத்து மட்டும் மாறிய லேபிள் பின்னாலேயே வந்துவிடும். நம் பெயரைத் திருடினால் நமக்கு வலிக்கிறது. அடுத்தவர் பெயரில் திருடிய சரக்கை மாப்பிள்ளை கையில் கட்டுவது சரியல்ல என்பதே என் கருத்து.

வாங்குபவருக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020 ஜூலையில் வந்தன. சரக்கு பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று தெரிந்தே வாங்கிவிட்டு, 'போலியைக் கொடுத்துவிட்டார்' என்று எப்படி எழுதுவீர்கள்? நான் எழுத உட்கார்ந்தபோது அந்த வரியில்தான் பேனா நின்றது. அசல் என்று சொல்லிப் போலியைக் கொடுத்தவர்மேல் வழக்குப் போடலாம். போலி என்று சொல்லி வாங்கிய சரக்கு நின்றுபோனால் சட்டத்திடம் கேட்க நமக்கு வலுவான வார்த்தை இல்லை.

பார்சல் வருவதற்கு முன்னும் பின்னும்

தபாலில் ஏமாற்றுவது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. கட்டங்களில் எண்களை நிரப்பி அனுப்பினால் டிரான்சிஸ்டர் பரிசு, வாட்ச் பரிசு என்று ஒரு காலத்தில் பத்திரிகைகளில் விளம்பரம் வரும். எப்படி நிரப்பி அனுப்பினாலும் பரிசு விழுந்துவிடும், வி.பி.பி. பார்சல் வரும்; தபால்காரரிடம் பணம் கட்டிப் பிரித்தால் ஒன்றுக்கும் உதவாத பொருளோ, வெறும் செங்கல்லோ இருக்கும். என் சித்தப்பா ஒருவர் அப்படிக் கட்டிய 75 ரூபாயைச் சாகும்வரை மறக்கவில்லை. இன்றைய சி.ஓ.டி. பார்சல் அதே வி.பி.பி.தான். பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகே பிரிக்க முடியும். ஆகவே, 'கேஷ் ஆன் டெலிவரி இருக்கிறதே, என்ன பயம்' என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

முன்பணம் கேட்பவரிடம் வாங்காதீர்கள். 'சி.ஓ.டி. புக்கிங்குக்கு 200 ரூபாய் மட்டும்' என்று கேட்டு, அந்த இருநூறோடு மறைந்துவிடுபவர்கள் உண்டு. தனிநபர் பெயரில் உள்ள ஜிபே எண்ணுக்கு ஒருபோதும் அனுப்ப வேண்டாம். இணையத்தளத்தில் விற்பவரின் முழுப் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், குறைதீர் அலுவலரின் பெயர், பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற விவரம் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். தெரிந்த பெரிய தளத்தில் வாங்கினாலும், சரக்கை விற்பது அந்தத் தளமா, அதில் கடை போட்டிருக்கும் வேறொருவரா என்று கீழே சின்ன எழுத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வாட்ச் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

பார்சல் வந்ததும், பிரிப்பதற்கு முன்பே போனில் வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். பார்சலின் ஆறு பக்கமும், ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டும், டேப்பும் தெரிய வேண்டும். இடையில் நிறுத்தாமல் ஒரே வீச்சாக வாட்ச்சைக் கையில் எடுத்து, பின்மூடி எண், உத்தரவாத அட்டை, பில் வரை எடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுப் பிடிக்கச் சொன்னால் போதும். இறக்குமதிச் சரக்காக இருந்தால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், ஆண்டு, நாடு எல்லாம் அச்சாகி இருக்க வேண்டும். அது சட்டம். வெற்று வெல்வெட் பெட்டி மட்டும் வந்தால் அப்போதே சந்தேகப்படுங்கள். சிலர் பெட்டியைக் குழந்தைகள் விளையாடக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாதமாவது பரணில் வையுங்கள்.

'ரீஃபண்ட் தருகிறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வருவதற்கு யூ.பி.ஐ. பின் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். 'நாங்களே போனில் சரிசெய்து தருகிறோம்' என்று திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்பவரும் அதே கூட்டம்தான்.

ஸ்மார்ட் வாட்ச்: இது வேறு ஆபத்து

ரோலெக்ஸ் போலியால் போவது பணமும் கொஞ்சம் மானமும். ஸ்மார்ட் வாட்ச் போலியால் உயிருக்கே ஆபத்து வரலாம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆப்பிள் வாட்ச் போலவே இருக்கும் 'அல்ட்ரா' என்ற பெயருள்ள வாட்ச்சுகள் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு வருகின்றன. திருப்பூரில் வேலை செய்யும் மகன் ஊருக்கு வரும்போது அப்பாவுக்கு ஒன்று வாங்கி வருகிறான். அது பி.பி. காட்டும், ஆக்சிஜன் காட்டும், சில சுகர்கூடக் காட்டும். அப்பா காலையில் எழுந்ததும் கையைப் பார்க்கிறார், 120/80 என்றிருக்கிறது, மாத்திரை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். இப்படி ஒரு வீட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மலிவு வாட்ச்சுகளில் பல, கையில் கட்டாமல் மேஜைமேல் வைத்தாலும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். நீங்களே செய்து பாருங்கள்: துண்டைச் சுருட்டி அதில் கட்டி, ஆக்சிஜன் பொத்தானை அமுக்குங்கள். எண் வந்தால் அந்த வாட்ச்சின் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். தோலைக் குத்தாமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒரு கருவிக்கும் அது அனுமதி கொடுத்திருக்கவில்லை. பி.பி. பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. சுகருக்கு விரலில் ஒரு துளி ரத்தம் வேண்டும். வாட்ச்சைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அசலா என்று அறிய எளிய வழி ஒன்று: அசல் ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டுமே சேரும். ஆண்ட்ராய்டு போனோடு சேர்ந்துவிட்டால் அது ஆப்பிள் அல்ல. மற்ற ஸ்மார்ட் வாட்ச்சுகளுக்கும் இந்தியாவில் பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். பெட்டியில் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். தங்க நகையின் ஹெச்.யு.ஐ.டி. பார்க்க வைத்திருக்கும் அதே 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால், எண் இல்லாத வாட்ச்சைத் தலைமாட்டில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

பழைய எச்.எம்.டி.

ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் 1961-ல் தொடங்கிய எச்.எம்.டி. வாட்ச் ஆலை 2016-ல் மூடப்பட்டது. ஜனதா, பைலட், காஞ்சன் என்று நம் அப்பாக்களின் கையில் இருந்தவை இப்போது இணையத்தில் ஆசையாக விற்கப்படுகின்றன. இவற்றிலும் கவனம் வேண்டும். கூடு ஒன்றிலிருந்து, மெஷின் வேறொன்றிலிருந்து, டயலுக்குப் புதுப் பெயின்ட் என்று ஒட்டிச் சேர்த்தவை ஏராளம். ஐம்பது வருட வாட்ச்சில் டயல் மட்டும் ஆரஞ்சும் நீலமுமாகப் பளபளத்தால், எழுத்துகள் விளிம்பில் கசிந்திருந்தால், மறுபூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மெஷினில் உள்ள எழுத்தும் டயலில் உள்ள பெயரும் பொருந்துகிறதா என்று திறந்த படம் கேளுங்கள். படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே அப்பாவின் வாட்ச் ஓடாமல் கிடந்தால், முதலில் அதை எடுத்துக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போங்கள். சாவி கொடுக்கிற மெஷின் பெரும்பாலும் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் ஓடிவிடும்.

அதே காசுக்கு

3,500 ரூபாயில் அசல் வாட்ச் கிடைக்கும். இந்த ஒரு வரியைத்தான் நான் அன்று யோசிக்கவில்லை.

தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் வாட்ச் செய்கிறது. டிட்கோவுக்கு இன்றும் அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உண்டு. நம் மாநிலத்துத் தொழிலாளர் கைபட்ட வாட்ச் அது. டைட்டனில் எஃகுச் செயினோடு நல்லவை இந்த விலைக்குள்ளேயே இருக்கின்றன. அவர்களின் சொனாட்டா ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கும். வாட்ச் கட்டியே பழகாத கல்லூரிப் பிள்ளைக்கு 1989-லிருந்து வரும் கேசியோ எஃப்-91டபிள்யூ ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் கேசியோவிலும் போலி நிறைய. இந்த மாடலில் வலப்பக்கப் பொத்தானை மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால் திரையில் 'கேசியோ' என்று படிக்கும்படி எழுத்து வரும். வராவிட்டால் அது போலி. எழுத்து வந்துவிட்டது என்பதற்காக மட்டும் அசல் என்று முடிவு கட்டவும் வேண்டாம், அதையும் நகலெடுப்பவர்கள் இருக்கிறார்கள். பில்லோடு, உத்தரவாத அட்டையில் கடை முத்திரையோடு வாங்குங்கள். கோவில்பட்டிக்கு பஸ் ஏறினால் அரை நாள் வேலை.

சுவிஸ் வாட்ச்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டால் சேர்த்து வைத்து, அங்கீகாரக் கடையில் வாங்குங்கள். டயலின் அடியில் 'சுவிஸ் மேட்' என்று போட, மெஷின் அங்கே செய்யப்பட்டிருக்க வேண்டும், தயாரிப்புச் செலவில் 60 சதவீதமாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும் என்று 2017 முதல் விதி. இத்தனை கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள் மூவாயிரத்துக்கு வராது.

பணம் போய்விட்டால்

பணம் அனுப்பி, சரக்கு வராமல் எண் அணைந்துவிட்டது என்றால் அது மோசடி. வெட்கப்பட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், பணம் போன யூ.பி.ஐ. முகவரி எல்லாம் கையில் இருக்கட்டும். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையத்தளத்திலும் பதியலாம். தூத்துக்குடியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. வங்கிக்கும் அன்றே எழுத்தில் சொல்லுங்கள்.

அசல் என்று விற்றுப் போலியைக் கொடுத்தார், அல்லது பழுதைத் திரும்ப எடுக்க மறுக்கிறார் என்றால் அது நுகர்வோர் புகார். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் உரிமை கொடுக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் 'இ-ஜாக்ருதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பில்லும் பார்சல் வீடியோவும் அங்கேதான் உதவும்.

1930, 1915 இரண்டையும் அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் உங்கள் போனிலும் வீட்டுப் பெரியவர்கள் போனிலும் பெயர் போட்டுப் பதிந்துவிடுங்கள்.